ஷெங்கன் விசா, அமெரிக்க விசா: தங்கும் நாளை எதில் பார்ப்பது?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை என்று அச்சிட்டிருந்தாலும், தங்கும் நாள்கள் 25 என்று குறித்திருந்தால், அந்த 40 நாள்களுக்குள் 25 நாள்கள் மட்டுமே அங்கே இருக்கலாம். இரவு பதினொன்றரை மணிக்கு விமானம் தரையிறங்கினாலும் அது ஒரு முழு நாள். புறப்படும் நாளும் அப்படியே. பல ஆண்டு விசா வைத்திருப்பவர்கூட, எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பதால், பழைய பயணங்களையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ண வேண்டியிருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை மங்கலாக விழுந்தது என்ற சாக்கும், 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணுப் பதிவு முறையால் இனி எடுபடாது.

அமெரிக்கச் சுற்றுலா விசாவில் காணும் 10 ஆண்டு என்பதோ, வாசலுக்கு வந்து அனுமதி கேட்பதற்கான காலமே தவிர, உள்ளே தங்குவதற்கானது அன்று. தங்கும் கெடுவை விமான நிலைய அதிகாரியே முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் கிடைக்கும். அந்தத் தேதி ஐ-94 என்னும் வருகைப் பதிவில் இருக்கும், இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணுவதற்கு அமெரிக்க முறையே எளிது. தவறினால் அதுவே கடுமை. ஒரு நாள் மீறினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாள்களுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 ஆண்டும் பொதுவாக நுழையத் தடை உண்டு.