“10,000 லூமன்” டார்ச் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ராத்திரியில் தோட்டத்துக்குப் போய் மோட்டார் போடுகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், முன்பக்கத்தை இழுத்து ஜூம் செய்யலாம் என்று சொல்லி 1,450 ரூபாய்க்கு ஒரு எல்இடி டார்ச்சை எங்கள் தலையில் கட்டினார்கள். பெட்டியில் 10,000 லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு), 9900 எம்ஏஎச் பேட்டரி (அது தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு), 2 கி.மீ. தூரம் என்று மூன்று எண்கள் பெரிதாக அச்சடித்திருந்தன. மூன்றுமே பொய். இதே பெட்டி இன்னும் பல கடைகளில் வேறு வேறு பெயரில் விற்கிறது.

எங்களுக்கு முசிறி பக்கம் வாழை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாட்களில் அப்பாவோ தம்பியோ எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, மடை மாற்றிவிட்டு வரவேண்டும். தோப்புக்குள் காய்ந்த சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் பகலிலேயே கண்ணில் படாது. அதன் உடம்பிலுள்ள பழுப்பு வட்டங்கள் சருகோடு சருகாகக் கலந்துவிடும். கட்டுவிரியன் வெளியே நடமாடுவதே ராத்திரியில்தான். அதனால் எங்களுக்கு டார்ச் எவ்வளவு பிரகாசம் என்பதைவிட, போய்த் திரும்பும் வரை அந்த வெளிச்சம் அப்படியே நிற்குமா என்பதுதான் முக்கியம்.

வீட்டில் பழைய லைட்டுகளும் இருக்கின்றன. தாத்தா வாங்கிய எவரெடி பித்தளை டார்ச், மூணு பேட்டரிக் கட்டை போடுவது. மூன்று கட்டையும் சேர்ந்து நாலரை வோல்ட். குண்டு பல்பு இழுப்பது ஒன்று, ஒன்றரை வாட். இன்றைய கணக்கில் 20 லூமனைச் சுற்றித்தான் வெளிச்சம் வரும். ஆனால் பேட்டரி தீரத் தீர வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் செம்மஞ்சளாகும். இனிமேல் தாங்காது என்று லைட்டே சொல்லிவிடும். பின் மூடிக்குள் ஒரு உதிரி பல்பு வேறு செருகியிருக்கும். அதற்கப்புறம் வந்தது பிளாஸ்டிக் சார்ஜ் லைட். உள்ளே 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி, பக்கவாட்டில் இரண்டு பின்னை இழுத்து நேராக பிளக்கில் செருகுவது. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி சல்பேட் படிந்து போய்விடும். அடுத்தது, சில வருஷத்துக்கு முன் வாங்கிய ஒற்றை வெளிச்ச எல்இடி டார்ச். ஆன், ஆஃப் தவிர அதில் வேறு வேலையே கிடையாது. அதன் சுவிட்ச் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்க ஆரம்பித்ததால்தான் புதிது தேடினோம்.

திருச்சியில் எலக்ட்ரிகல் சாமான் விற்கும் ஒரு கடை. “இது டி6 சிப்பு சார், பழைய மாடலெல்லாம் கிட்டயே வராது” என்று சொல்லி, கடைக்காரர் ஒரு பழைய டார்ச்சையும் இதையும் மாறி மாறிக் கூரையில் அடித்துக் காட்டினார். புதியது பளீரென்று இருந்தது. அந்தச் சில நொடி வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது. டார்ச்சுகளை அளப்பதற்கென்றே எஃப்எல்1 என்று ஒரு தர முறை 2009 முதல் இருக்கிறது. அதுகூட, சுவிட்சைப் போட்டு 30 நொடி கழிந்த பிறகுதான் லூமனை அளக்கச் சொல்கிறது. புது பேட்டரி செல்லின் முதல் பாய்ச்சலை யாரும் கணக்கில் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அப்புறம் அந்த ‘டி6’. கிரீ நிறுவனம் 2010இல் எக்ஸ்எம்-எல் என்ற எல்இடியைக் கொண்டுவந்தது. தயாரான சிப்புகளை வெளிச்சத்தின் அளவை வைத்துத் தரம் பிரிப்பார்கள். அந்தத் தரங்களில் ஒன்றின் பெயர்தான் டி6. அசல் எக்ஸ்எம்-எல்லே 3 ஆம்பியர் கொடுத்துத் தள்ளினால் ஏறத்தாழ 1,000 லூமன் தரும். ஒரே ஒரு டி6 சிப்பை வைத்துக்கொண்டு பெட்டியில் 10,000 என்று போட்டிருந்தால், அந்த இரண்டு வரியே ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. பிறகுதான், “போறப்ப நல்லா இருக்கு, வர்றப்ப கால்கிட்ட இருட்டா இருக்கேப்பா” என்றார். வெளிச்சம் மெதுவாகக் குறையும்போது கண் தன்னைச் சரிசெய்துகொண்டே வரும். பாதியாகக் குறைந்தாலும் சட்டென்று உறைக்காது. எல்இடி வெளிச்சம் பழைய பல்பு மாதிரி மஞ்சளாகவும் மாறாது. வெள்ளையாகவே இருந்தபடி இளைத்துக்கொண்டு போகும். பாம்பு கிடக்கும் வரப்பில் இதைவிட ஆபத்தான குணம் ஒரு விளக்குக்கு இருக்க முடியாது.

சந்தேகம் வந்ததும், பழைய ஒற்றை வெளிச்ச டார்ச்சையும் புதியதையும் முழு சார்ஜ் போட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்து வைத்தோம். தொடங்கும்போது புதியது ஒரு சுற்று கூடுதல். அரை மணி நேரத்தில் இரண்டும் சமம். ஒரு மணி நேரத்தில் புதியதன் வட்டத்துக்குள் சுவரின் சுண்ணாம்பு வெடிப்புகூடத் தெரியவில்லை. பழையது அப்போதும் ஏறக்குறைய அப்படியே எரிந்தது.

சரி, ஹை வேண்டாம், ஒளியைக் குறைத்து லோவில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதில்தான் பெரிய கோளாறு. எல்இடியின் ஒளியைக் குறைக்க இரண்டு வழி உண்டு. மின்னோட்டத்தையே அளவாகக் குறைத்துக் கொடுப்பது நல்ல வழி. மின்னோட்டத்தைக் குறைக்காமல் முழுசாகவே கொடுத்து, நொடிக்கு நூறு இருநூறு முறை அணைத்துப் போடுவது மலிவான வழி. இதிலேயே வேகமாக, ஆயிரக்கணக்கில் அணைத்துப் போட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் டார்ச் மெதுவாக அணைத்துப் போடும் ரகம். சும்மா தரையில் அடித்தால் தெரியாது; ஓடுகிற பொருளின்மேல் அடித்தால் தெரிந்துவிடும். குழாயிலிருந்து தொட்டியில் விழும் தண்ணீர் ஒழுக்காக இல்லாமல் மணி மணியாக நின்று விழுவது போல இருந்தது.

தம்பி ஒருநாள் ராத்திரி மோட்டார் கொட்டகையில் கிளாண்டில் (பம்பின் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பில்) தண்ணீர் அதிகம் சொட்டுகிறதென்று குனிந்து பார்த்திருக்கிறான். எங்களுடையது கிணற்றடியில் உள்ள பழைய கப்ளிங் செட், அதாவது மோட்டாரையும் பம்பையும் போல்ட் போட்ட இணைப்பால் சேர்த்தது. மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடுகிறது. இந்த டார்ச்சின் லோ வெளிச்சத்தில் கப்ளிங்கின் போல்ட்டுகள் மெதுவாகப் பின்பக்கம் உருளுவது போலத் தெரிந்ததாம். சத்தம் காதில் விழுந்ததால் கையை வைக்கவில்லை. ஓடுகிற இயந்திரத்தை நின்றது போலக் காட்டும் விளக்கை யாரும் விவசாய வேலைக்கென்று விற்கக் கூடாது. கடைக்காரர் ‘தோட்டத்துக்கு ஸ்பெஷல்’ என்று சொல்லித்தான் விற்றார்.

இன்னொரு தொல்லை, சுவிட்ச். ஹை, மீடியம், லோ, மினுக்கு, எஸ்ஓஎஸ் (ஆபத்துச் சைகை) என்று வரிசையாகப் போகும். லோவிலிருந்து ஹைக்குப் போக வேண்டுமென்றால் மினுக்கு வெளிச்சத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சருகில் ஏதோ அசைந்தது என்று பதறி அழுத்தும்போது கண்ணெதிரே பளிச் பளிச்சென்று வெட்டினால் ஆளுக்குத் திசையே தெரியாது. நல்ல டார்ச்சில் மினுக்கைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். கடைசியாக எந்த அளவில் அணைத்தோமோ அந்த அளவிலேயே மறுபடி எரியும்.

செல்லுக்கு வருகிறேன், ஏமாற்றின் அடிவேர் அங்கேதான். உள்ளே இருப்பது 18650 என்ற வகை லித்தியம் செல். அதாவது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த அளவில் கடைகளில் கிடைக்கும் நல்ல செல்லே 3,500 எம்ஏஎச் அருகில்தான் நிற்கும். 9900 என்று எழுதிய 18650 எதுவாக இருந்தாலும் போலி. நல்ல செல் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். எங்களுடையதை நகைக்கடைத் தராசில் வைத்தால் 27 கிராம். பேட்டரி பேக் கட்டும் நண்பர் ஒருவர் தன் கருவியில் போட்டு அளந்ததில் 1,100 எம்ஏஎச் சொச்சம் காட்டியது. ஹையில் டார்ச் இழுத்த மின்னோட்டம் ஒரு ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டியது. அதாவது நாலு வாட். அந்த நாலு வாட்டில் ரொம்பத் தாராளமாகப் போட்டாலும் 400 லூமன் வரலாம், அவ்வளவுதான். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தருகிறது. அதில் பாதிகூட இல்லை.

10,000 லூமன் உண்மையாக இருக்க வேண்டுமானால் வாட்டுக்கு 100 லூமன் வீதம் 100 வாட் வேண்டும். செல்போன் சர்வீஸ் கடையில் ஈயம் உருக்கும் சாலிடரிங் இரும்பே பெரும்பாலும் 25 வாட்தான். உள்ளங்கையில் பிடிக்கும் குழாயில் 100 வாட் ஓடினால் கை வெந்துவிடும். அந்தச் செல்லில் இருக்கும் மொத்தச் சக்தி 4 வாட்-மணி. 100 வாட் எடுத்தால் இரண்டரை நிமிஷம்கூடத் தாங்காது. 2 கி.மீ. கதையும் இப்படித்தான். எஃப்எல்1 முறையில் தூரம் என்பது, வெளிச்சம் முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்கு இளைத்துப்போகும் இடம். அந்தக் கணக்கில் 2 கி.மீ. போக பத்து லட்சம் கேண்டெலா (ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவு) வேண்டும். கட்டைவிரல் அகல லென்ஸுக்கு அது எட்டாத எண்.

ஏமாந்த பணத்தைவிட எனக்குப் பயம் கொடுத்தது சார்ஜிங். லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். ராத்திரி முழுக்கச் செருகி வைத்துவிட்டுக் காலையில் அளந்தால் 4.34. நிறுத்தும் ஏற்பாடு அந்த டார்ச்சில் சரியாக வேலை செய்யவில்லை. இப்படித் தொடர்ந்து ஏற்றினால் செல் சூடாகி, உப்பி, தீப்பிடிக்கக்கூடும். அப்பா அதைக் கட்டில் தலைமாட்டில் வைத்துத்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பிக் கொண்டுபோனபோது, “பேட்டரிக்கு வாரண்டி கிடையாது சார், வேணும்னா வேற செல் 250 ரூபாய்க்குத் தர்றேன்” என்றார் கடைக்காரர். எடையைச் சொன்னேன். “கம்பெனி அப்படித்தான் அனுப்புது” என்றார். எந்தக் கம்பெனி என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, புகார் சொல்ல எண் இல்லை. அடைத்து விற்கும் பொருளில் இவை அத்தனையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 2011 முதல் சொல்கின்றன. வாங்கும்போது பில் கேட்டதற்கு, கடைப் பெயர் இல்லாத துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். வாரண்டி அட்டையில் முத்திரை வைக்கச் சொன்னபோது “அதெல்லாம் தேவையில்லை சார், நான் இங்கதானே இருக்கேன்” என்ற அதே மனிதர், இப்போது “இது என் கடைல வாங்கினதுன்னு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். பணம் செலுத்திய யுபிஐ விவரத்தைக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. பணம் மட்டும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டார்ச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தது பழைய மாடல் எல்லாவற்றையும் விட நல்லது. லோவில் 20, 30 லூமன் வைத்துக்கொண்டு பித்தளை டார்ச் அளவு வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க நடக்கலாம். தேவைப்படும்போது மட்டும் ஹை. அப்படிப்பட்டதன் பெட்டியில் 300, 600, 1,000 என்று அடக்கமான எண்கள் இருக்கும், ஒவ்வொரு அளவிலும் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எஃப்எல்1 கணக்கில் ‘எரியும் நேரம்’ என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். 300 லூமன், 5 மணி நேரம் என்றால் ஐந்தாவது மணியில் 30 லூமன்தான் இருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. டார்ச்சை லோவில் வைத்து, செல்போன் கேமராவில் அதன் வெளிச்சத்தைப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கீழே வைத்துவிடுங்கள். செல்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பேச்சே வேண்டாம். லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற குறிப்பும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே செல்லை வெளியே எடுத்து எடை போடுங்கள். நாற்பது கிராமுக்கும் கீழே காட்டினால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். நல்ல செல்லாகவே இருந்தாலும் தூங்கும் இடத்தில், ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம். போலிச் செல்லைக் குப்பையில் எறியாமல், இரண்டு முனையிலும் டேப் ஒட்டி மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.