பால் ரிவியர் வீடு, பாஸ்டன்: பழைய குடும்பக் கதை தேடுறவங்க கண்டிப்பா போகணும்
போன மாசம் பாஸ்டன் நார்த் எண்ட்ல இருக்கற பால் ரிவியர் வீட்டுக்குப் போனோம், 1680 வாக்குல கட்டின மர வீடு, 1770ல ரிவியர் வாங்கினது, 1908ல இருந்து மியூசியமா இருக்கு. சின்ன வீடுதான், சீக்கிரம் சுத்திப் பாத்துடலாம். ரிவியர்ங்கறவரு வெள்ளிப் பத்தர், அமெரிக்க விடுதலைப் போர் தொடங்குறப்ப பிரிட்டிஷ் படை வருதுன்னு ராத்திரியோட ராத்திரியா குதிரையில போய் எச்சரிச்சதுக்குப் பேர் போனவரு. ஆனா எனக்கு அந்தக் குதிரை சவாரிய விட அவரோட அப்பா கதைதான் மனசுல நின்னுச்சு. பேரு அப்போலோஸ் ரிவ்வார், ஃபிரான்ஸ்ல இருந்து 13 வயசுல கப்பலேறி வந்த ஹியூகனாட் (ஃபிரான்ஸ் நாட்டு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்) பையன், ஜான் கோனிங்கற வெள்ளிப் பத்தர்கிட்ட தொழில் கத்துக்க சேர்ந்தவரு, 1722ல கோனி இறந்ததும் எழுதின சொத்துக் கணக்குல இந்தப் பையன் இன்னும் உழைக்க வேண்டிய மூணரை வருஷத்துக்கும் சேர்த்து 30 பவுண்டுன்னு விலை போட்டிருக்காங்க, அவரு 40 பவுண்டு கட்டி அந்த ஒப்பந்தத்துல இருந்து வெளிய வந்தாரு. படிச்சப்ப நெஞ்சே கனத்துப் போச்சு.

இந்த மாதிரி தொழில்காரங்க குடும்பத்தைத் தேடுறீங்கன்னா பிறப்பு இறப்பு பதிவோட நிக்காதீங்க, முதலாளியோட சொத்துப் பட்டியலையும் புரட்டுங்க, பேரையும் வேற வேற எழுத்துல தேடுங்க, ரிவ்வார்தானே ரிவியர் ஆச்சு!

ஒண்ணு, அப்பா இந்த வீட்டுல வாழ்ந்ததில்ல, 1754லயே இறந்துட்டாரு. அதே ஊர் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துல மகன் பால் ரிவியரை 1768ல வரைஞ்ச ஓவியம் இருக்கு, ஒரு கைல வெள்ளி டீபாட், மேஜைல செதுக்குற கருவி, கோட்டு கூட போடாம தொழில்காரரா உக்காந்திருக்காரு. அதையும் பாத்துட்டு வாங்க.