ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் ஐஎஸ்38 டர்போ: நாலு வருடம், 41,000 கிலோமீட்டர்

என்னுடையது 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 2 லிட்டர் டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2021 மார்ச்சில் இதில் இருந்த ஐஎஸ்20 டர்போவை (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய ஐஎஸ்38 போட்டேன். இரண்டுமே ஐஎச்ஐ கம்பெனி தயாரிப்புதான். பெரியது அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் வந்தது. போட்ட வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

அதற்கு முன் பழைய டர்போவிலேயே ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, ஒரு வருடம் ஓட்டினேன். கீழே அருமையாக இழுக்கும். 5,500 ஆர்பிஎம் தாண்டினால் மூச்சு வாங்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டியபோது அந்த மூச்சு வாங்கல்தான் மனதில் தங்கிவிட்டது. கேரட் கம்பெனி டர்போ, பெரிய சக்கரம் வைத்த ஹைபிரிட் என்று ஆசை எங்கெங்கோ போனது. ஆனால் இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த்தொகுதி) தனியாகக் கிடையாது, சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருக்கிறார்கள். டர்போ நேராக ஹெட்டில் உட்காருகிறது. வேறு வடிவ டர்போ என்றால் இடையில் அடாப்டர், புது ஆயில் லைன், புது கூலன்ட் லைன் என்று வேலை நீளும். ஐஎஸ்38 அதே போல்ட்டில் உட்காரும். அதனால் அதுவே போதும் என்று முடிவு செய்தேன்.

வாங்கும் முன் நான் பார்த்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. என் காருக்குக் கம்பெனி சொல்லும் முழு முறுக்குவிசை (டார்க்), அதாவது 350 நியூட்டன் மீட்டர், 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். ஐஎஸ்38 வைத்த 300 குதிரைத்திறன் கோல்ஃப் ஆருக்கு 380, ஆனால் 1,800-இல். முந்நூறு ஆர்பிஎம்தானே என்று விட்டுவிட்டேன். டிஎஸ்ஜியை டி-யில் (சாதாரண டிரைவ் நிலையில்) விட்டால், டவுனுக்குள் எஞ்சினை அது வைத்திருப்பதே 1,300-க்கும் 1,700-க்கும் நடுவில்தான். பெரிய டர்போ தூங்கும் இடமும் சரியாக அதுதான். கோவை காந்திபுரம் சிக்னலில் ஒரு ஆட்டோவைத் தாண்ட மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் இரண்டு கியர் இறங்கும், அப்புறம் தேவைக்கு மேல் பாயும். கியர்பாக்ஸையும் ரீமேப் செய்து, கியர் மாறும் இடத்தை மேலே தள்ளிய பிறகுதான் நிம்மதி. மைலேஜ் அதற்கேற்ப இறங்கியது.

மலைக்கணக்கு இன்னொன்று. ரீமேப் கேட்பது மொத்தம் 2.4 பார் காற்றழுத்தம் என்று வையுங்கள். கோவையில் காற்றழுத்தம் சுமார் 0.96 பார், டர்போ இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அது ஏறத்தாழ 0.77. அங்கே அதே 2.4 வேண்டுமென்றால் மூன்று மடங்குக்கு மேல். கம்ப்ரஸர் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். ரீமேப் செய்பவரிடம் "உயரமான ஊரில் பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, குறைக்கும்படி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊட்டி மலைச்சாலையில் பர்லியார் தாண்டி, இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்றைக்கும் பழைய டர்போதான் நினைவுக்கு வருகிறது. சின்னது சட்டென்று எழுந்துவிடும்.

சேலம் சாலையில் கதையே வேறு. சங்ககிரிப் பக்கம் லாரியைத் தாண்ட மூன்றாவது கியருக்கு இறக்கி 4,000-க்கு மேல் வைத்தால், சீட்டோடு சேர்த்து அழுத்தும் அந்த இழுப்பு 6,500 வரை விடுவதில்லை. இதற்காகத்தான் இத்தனையும்.

பொருத்தியதிலும் ஒரு தொல்லை. முதலில் போட்ட கடையில் வேஸ்ட்கேட்டை (டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பி விடும் கதவு) இயக்கும் ஆக்சுவேட்டரின் தண்டைச் சரியாக அளவு வைக்கவில்லை. இது மின்சார ஆக்சுவேட்டர். கருவியை மாட்டி, மூடிய நிலையில் வோல்டேஜ் பார்த்து தண்டைத் திருகி வைக்க வேண்டும். இவர்கள் கண்ணளவில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாளே எஞ்சின் விளக்கு எரிந்தது, பி0299, பூஸ்ட் போதவில்லை என்ற கோடு. "புது டர்போ, செட்டாயிரும்ங்கண்ணா" என்றார்கள். ஒன்றும் செட்டாகவில்லை. வேறு மெக்கானிக் அரை மணி நேரத்தில் சரி செய்தார்.

டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை, டர்போ போடும் முன்பே மாற்றியிருக்க வேண்டும். கம்பெனி இன்டர்கூலரோடு, சித்திரை வெயிலில், மூன்றாவது முறை முழுதாக மிதித்தபோது உள்ளே போகும் காற்று 70 டிகிரி காட்டியது. பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் பயந்து ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும், இழுப்பு குறையும். பெரிய டர்போவுக்குக் கொடுத்த காசு அங்கேயே ஆவி. பெரிய இன்டர்கூலர் போட்டதும் அதே வெயிலில் 48. பெட்ரோலும் அப்படித்தான். 91 ஆக்டேன் பெட்ரோலில் இந்த டர்போவை விரட்டவே கூடாது. நான் 95-க்கு ஒரு மேப், 100-க்கு ஒரு மேப் வைத்திருக்கிறேன். நூறு எல்லா பங்கிலும் கிடைக்காது, விலையும் கையைச் சுடும்.

ஆயில் 5டபிள்யூ-40, 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டராகக் குறைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர் கேட்டால் என்ன சொல்வது என்பதைப் போடும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இந்த மாதிரி மாற்றங்களை அனுமதிப்பதில்லை.

செகண்ட் ஹேண்ட் டர்போ வாங்குவதானால், சக்கரம் சுற்றும் தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆடினால் பரவாயில்லை, ஆயில் படலத்துக்கு அந்த இடம் வேண்டும். உள்ளே வெளியே ஆடினால் தொடாதீர்கள். போன மாதம் என்னுடையதன் இன்லெட் பைப்பைக் கழற்றி அப்படித்தான் பார்த்தோம். முன்பின் ஆட்டம் இல்லை. சக்கரத்தின் ஓரத்தில் ஒரு இறக்கையில் மட்டும் மணல் அடித்த மாதிரி மங்கல். ஏர் ஃபில்டரை நான் ஒரு தடவை தள்ளிப்போட்டதன் அடையாளம். ஐஎஸ்20-ஐ இன்னும் விற்கவில்லை, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.