புரொபேன் டேங்க் அளவு: மூடியத் தூக்கிப் பாக்குறதா, சென்சார் மாட்டுறதா?
வீட்டு புரொபேன் டேங்க்ல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்க ரெண்டு வருஷமா டயல் மேல மாட்டுற வைஃபை சென்சார் வச்சிருக்கேன், அதனால அது பக்கம்தான் சாய்ஞ்சு பேசுவேன், முன்னாடியே சொல்லிடுறேன்.

மூடியத் தூக்கி, எத்தன சதவீதம் மிச்சம்னு முள்ளு காட்டுற டயலப் பாக்குறது செலவில்லாத வழி. ஆனா மழை, குளிர்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுருவோம். பிரஷர் மீட்டர் வச்சே அளவு பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உள்ள திரவம் இருக்குற வரைக்கும் பிரஷர் வெப்பநிலைய வச்சுதான் மாறும், முக்கால் டேங்க்கும் கால் டேங்க்கும் ஒரே மாதிரிதான் காட்டும்.

அடியில காந்தத்தால ஒட்டுற அல்ட்ராசோனிக் சென்சார், ஒலிய மேல அனுப்பி திரவத்தோட மட்டத்துல பட்டுத் திரும்புற நேரத்த வச்சுக் கணக்கு போடும். சின்ன சிலிண்டர்ல கொஞ்ச மாசம்தான் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, துரு புடிச்ச இடத்துல மட்டும் சரியா ஒட்டல. மண்ணுல பொதைச்ச டேங்க்குக்கு இது ஆகாது.

டயல் சென்சார் எனக்குப் புடிச்சதுக்குக் காரணம், உள்ள மெதக்குற மிதவை ஒரு காந்தத்தத் திருப்பும், வெளிய இருக்குற முள்ளு அதோட சேந்து திரும்பும், நடுவுல ஓட்டையே கிடையாது. அதனால சென்சார் மாட்ட தோதில்லாத டயலா இருந்தாலும், அதப் புடிச்சிருக்குற ரெண்டு சின்ன ஸ்க்ரூவக் கழட்டி வேற டயல் மாத்திக்கலாம், கேஸ் வெளிய வராது. சுத்தி இருக்குற பெரிய ஸ்க்ரூவ மட்டும் தொட்டுராதீங்க, அதுதான் மிதவையோட சேந்த மொத்த கேஜையும் டேங்க்கோட புடிச்சிருக்கு.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது பராமரிப்புதான். ஒரு தடவ ரவுட்டர் பாஸ்வேர்ட மாத்திட்டு சென்சார மறந்துட்டேன், ஆப்ல மூணு வாரமா 42ன்னே நிக்குது, குளிர் காலத்துல ஹீட்டர் ஓடிட்டே இருக்கே எப்படி எறங்காம இருக்கும்னு போய் மூடியத் தூக்குனா சிலந்தி வலைக்குப் பின்னாடி முள்ளு 20க்கும் கீழ. காலியாயிருந்தா ஆள வரவெச்சு லைன் பூரா கசிவு சோதனை பண்ணிட்டுதான் மறுபடி பத்தவைக்க முடியும். அதனால கடைசியா எப்போ அளவெடுத்துச்சுன்னு நேரம் காட்டாத, தொடர்பு போனா எச்சரிக்காத ஆப் எவ்ளோ மலிவா இருந்தாலும் வேணாம். பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் படுத்துரும், லித்தியம் போடலாம்னு சொல்லியிருந்தா அதையே போடுங்க.

டயல் சென்சார்ல இன்னொரு வசதி, சென்சார் செத்தாலும் டயல் அங்கயேதான் இருக்கு. வெயில்ல திரவம் விரியும், குளிர்ல சுருங்கும், அதனால ஒண்ணு ரெண்டு சதவீதம் ஏறி எறங்குனா பதறாதீங்க, 80க்கு மேல நிரப்பாததும் இதுக்குத்தான். நான் 30ல அலாரம் வச்சிருக்கேன், அடிச்சதும் நேர்ல போய் முள்ளப் பாத்துட்டுதான் நிரப்பச் சொல்லி கேஸ்காரங்களுக்குப் போன் பண்ணுவேன்.

வைஃபை எட்டாத தூரத்துல டேங்க் இருந்தா சிம் போட்டது பாக்கலாம், மாசச் சந்தா வரும். அது நான் வச்சதில்ல, வச்சவங்க சொல்லுங்க.