சோயா எண்ணெயிலிருந்து பாலியூரித்தேன்: ஐசோசயனேட் வழியா, கார்பன் டை ஆக்சைடு வழியா?

பூச்சு, ஒட்டுபசை, நுரை ஆகியவற்றுக்குப் பயன்படும் பாலியூரித்தேனைச் செய்ய இங்கே இரண்டு வழிகளை ஒப்பிடுகிறேன். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: எபாக்சியேற்றிய சோயா எண்ணெய், அதாவது இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் சேர்த்து மூன்றணு வளையமாக்கியது. ஆக்சிரேன் ஆக்சிஜன் (அந்த வளையங்களில் உள்ள ஆக்சிஜன்) 6.8% உள்ள சரக்கு 1 கிலோ எடுத்தால் அதில் 4.25 மோல் எபாக்சி வளையம் இருக்கும். கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த ஒரு கிலோவுக்குத்தான்.

ஐசோசயனேட் வழியில், அமில வினையூக்கியுடன் மெத்தனால் சேர்த்து வளையங்களைத் திறக்கிறோம். வினையில் சேர்வது 136 கிராம். கூடுதலாக ஊற்றியதை வடித்து மீட்கலாம். கிடைக்கும் பாலியாலுக்கு (பல ஹைட்ராக்சில் உள்ள எண்ணெய்) ஏறக்குறைய 530 கிராம் எம்.டி.ஐ. என்ற டைஐசோசயனேட் வேண்டும். வினையூக்கி துளி சேர்த்தால் அறை வெப்பத்திலேயே இறுகும். பாலியாலில் ஈரம் இருந்தால் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவை விடும், பூச்சு முழுக்கக் குமிழியாகும். அதனால் வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தாமல் கலக்கவே கூடாது. எம்.டி.ஐ. தயாரிப்புக்குப் போஸ்ஜீன் என்ற நச்சு வாயு தேவை. எம்.டி.ஐ.யைக் கையாளுபவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழில்முறையில் பயன்படுத்தப் பயிற்சி கட்டாயம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

கார்பன் டை ஆக்சைடு வழியில் எபாக்சி வளையம் ஐந்தணு வளைய கார்பனேட்டாக மாறுகிறது. வினையூக்கி டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு என்ற உப்பு: எபாக்சி வளையங்களின் எண்ணிக்கையில் 5 மோல் சதவீதம், அதாவது 68 கிராம். வெப்பம் 110 டிகிரி செல்சியஸ். சாதாரண அழுத்தத்தில் வாயுவைக் குமிழியிட்டால் மூன்று நாள் ஆகும். அழுத்தக் கலன் இருந்தால் நேரம் வெகுவாகக் குறையும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் அந்த உப்பு சிதைந்து அமீன் வாடை வரும், எண்ணெயும் பழுப்பாகும். அகச்சிவப்பு நிறமாலையில் 1800 செ.மீ⁻¹ அருகே கார்பனேட் முகடு எழுந்து, 820–845 பகுதியில் எபாக்சி முகடு மறைய வேண்டும். முழுமையாக நடந்தால் எடை 187 கிராம் கூடும். எண்ணெய் தேன்போல் கெட்டியாகும்.

இதுவரை சிரமம் பொறுமைக்கு மட்டும்தான். உண்மையான தடை அடுத்த படி: கார்பனேட் வளையத்தை அமீனால் திறந்து யூரித்தேன் ஆக்குவது. அதற்கான அமீன் ஹெக்சாமெத்திலீன் டைஅமீன், கணக்குப்படி 247 கிராம். 70–100 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். எண்ணெய் மூலக்கூறின் சங்கிலி நடுவே இருக்கும் கார்பனேட் மெதுவாகத்தான் வினைபுரியும். அந்த இடைவெளியில் அமீன் எண்ணெயின் எஸ்டர் பிணைப்பையும் தாக்கி அமைடு ஆக்கிவிடும். விடுபட்ட துண்டுகளால் படலம் பிசுபிசுக்கும், வலு போய்விடும். கார்பனேட் மாற்றம் 80% தான் நடந்திருக்க, முழு 247 கிராமையும் ஊற்றுவது எளிதில் நேரும் பிழை. கார்பனேட் அளவை அளந்து, அதற்கேற்ற அமீனை மட்டும் சேருங்கள். கலவையைத் திறந்து வைக்கவும் வேண்டாம்: அமீன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மேற்பரப்பில் வெள்ளைப் படிவு ஆக்கும்.

கார்பனைச் சேமிப்பது என்ற பெயரில் இவ்வழியைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. முடிந்த பொருளில் அந்த வாயுவின் பங்கு 13 சதவீதம்தான். அமீன் என்னவோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஐசோசயனேட்டைத் தொழிலாளியின் மூச்சிலிருந்து விலக்குவதுதான் இதன் பெரும் பயன், அதற்காகவே மெனக்கெடலாம்.

சூட்டடுப்பில் வைத்து இறுக்கக்கூடிய உலோகப் பூச்சுக்கும் ஒட்டுபசைக்கும் கார்பனேட் வழி. மெத்தை நுரைக்கு இப்போதைக்கு ஐசோசயனேட்டே: நுரைக்கத் தேவையான வாயு ஐசோசயனேட்டோடு வேண்டுமென்றே தண்ணீர் சேர்க்கும்போது அந்த வினையிலேயே பிறக்கிறது, கார்பனேட்–அமீன் வினையில் பிறப்பதில்லை. ஐசோசயனேட் வழிதான் என்று முடிவானால் ஆமணக்கெண்ணெயையும் பாருங்கள். அதில் ஹைட்ராக்சில் இயல்பாகவே இருப்பதால் எபாக்சியேற்றமும் மெத்தனாலும் தேவையில்லை. கிலோவுக்கு 360 கிராம் எம்.டி.ஐ. போதும்.