பிஎம் இன்டர்வியூ கோச்சிங்னு பணம் கட்டப் போறீங்களா, இத படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

எம்பிஏ படிச்சிட்டு ப்ரொடக்ட் மேனேஜர் (பிஎம், ஒரு ஆப்ல என்ன வரணும்னு முடிவு பண்றவங்க) வேலைக்கு ட்ரை பண்றவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன், ஆனா அடுத்த பேட்ச் பசங்க நான் காசு கட்டி ஏமாந்த அதே கோச்கிட்ட சேரப் போறாங்கனு நேத்து தெரிஞ்சுது, அதுக்கப்புறமும் சும்மா இருந்தா தப்பு.

நான் இதுக்கு முன்னாடி வேலை பாத்தது ஆடிட்ல. ப்ரொடக்ட் பக்கம் ஒண்ணும் தெரியாது, இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவுக்கு ஏழு வாரம்தான் இருந்துச்சு, அந்த பயத்துலதான் போய் மாட்டுனேன். பெரிய கம்பெனில பிஎம்மா இருக்கறவங்களே மாக், அதாவது ப்ராக்டிஸ் இன்டர்வியூ, எடுப்பாங்க, மொத்தம் எட்டு மாக், ஒவ்வொண்ணுக்கும் எழுத்துல ஃபீட்பேக், கடைசில ரெஃபரல், அதாவது கம்பெனிக்குள்ள இருக்கறவங்க சிபாரிசு, இதுதான் அவங்க சொன்னது. முழு காசும் முன்னாடியே கட்டணும்னாங்க. படிப்புக்கு வாங்குன லோன்ல மிச்சம் வச்சிருந்தத எடுத்து கட்டுனேன்.

முதல் வாரமே உறுத்துச்சு. அமேசானுக்குன்னு குடுத்த நோட்ஸ்ல லீடர்ஷிப் ப்ரின்சிபிள்ஸ் (அந்த கம்பெனி இன்டர்வியூல பாக்கற கொள்கைகள்) 14னு போட்டிருந்துச்சு, அது 2021லயே 16 ஆயிடுச்சு, கம்பெனி சைட்லயே இருக்கு. கேட்டதுக்கு கோச், புதுசா வந்த ரெண்டும் இன்டர்வியூல வராதுன்னுட்டாரு. அப்பவே எந்திரிச்சிருக்கணும், ஆனா காசு கட்டியாச்சு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்.

மாக் எடுத்தது வேலைல இருக்கற பிஎம் யாரும் இல்ல. போன வருஷம் அதே கோச்சிங் எடுத்த ஒரு ஸ்டூடண்ட், அதுவும் பாதி நேரம் கேமரா ஆஃப். ஒரு எஸ்டிமேஷன் கேள்வி, ஒரு ஊர்ல ஒரு நாளைக்கு எவ்ளோ பெட்ரோல் விக்கும்னு, அதுல நான் காருக்கு வாரம் ஒரு தடவை போடுவாங்கனு ஆரம்பிச்சிட்டு கடைசில 7ஆல வகுக்க மறந்துட்டேன், விடை ஏழு மடங்கு தப்பு, அவரு சூப்பர் ஸ்ட்ரக்சர்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. ரூமுக்கு வந்து நானே மறுபடி போட்டுப் பாக்கும்போதுதான் தெரிஞ்சுது.

அப்புறம் ஃபீட்பேக். என் ரூம்மேட்டும் அங்கதான் சேந்திருந்தான். ஒரு நாள் ரெண்டு பேரும் ஷீட்டை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம், மூணு பாயிண்ட், வார்த்தைக்கு வார்த்தை அதே, ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட அதே இடத்துல. அவன் பண்ணுனது மெட்ரிக்ஸ் மாக் (நம்பர்களை வச்சு கேக்கறது), நான் பண்ணுனது டிசைன் மாக்! வயிறு எரிஞ்சுது.

காசு போனா போகுது, உண்மையான அடி இன்டர்வியூலதான் விழுந்துச்சு. கண் தெரியாதவங்களுக்கு அலாரம் கிளாக் டிசைன் பண்ணுங்க, இது எல்லாரும் ப்ராக்டிஸ் பண்ற பழைய கேள்வி, எங்களுக்கு முழு பதிலையும் எழுதியே குடுத்திருந்தாங்க, அதுல வர்ற யூசர் கூட ரெடிமேட், 32 வயசு வேலைக்குப் போற அம்மா, ரெண்டு குழந்தை. நான் சர்க்கிள்ஸ் ஃப்ரேம்வொர்க் (டிசைன் கேள்விக்கு படிப்படியா பதில் சொல்ற ஒரு முறை) வரிசைல அத அப்படியே சொன்னேன். இன்டர்வியூ எடுத்த மேடம் பொறுமையா கேட்டுட்டு, இதே அம்மா இன்னைக்கு காலைல இருந்து மூணாவது தடவையா வர்றாங்கன்னு சொன்னாங்க. அப்புறம், சரி, உங்க யூசருக்கு காதும் கேக்காதுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. நான் சொன்ன எல்லா ஐடியாவும் சத்தத்தை வச்சு. கைல கட்டுற வைப்ரேஷன், தலகாணிக்கு அடில வைக்கறது, இதெல்லாம் ஒரு நிமிஷம் சொந்தமா யோசிச்சிருந்தா வந்திருக்கும், ஆனா எனக்கு ஏழு வாரமா யாரும் யோசிக்கவே விடல.

அடுத்த ரவுண்டும் அதே கதைதான். டெய்லி ஆக்டிவ் யூசர்ஸ் (ஒரு நாள்ல ஆப்ப யூஸ் பண்றவங்க எண்ணிக்கை) 10% விழுந்துச்சு, ஏன்னு கண்டுபிடிங்க. நான் இன்டர்னல் காரணம், எக்ஸ்டர்னல் காரணம்னு மனப்பாடம் பண்ணத ஒப்பிச்சேன். இன்டர்வியூ எடுத்தவரு கேட்டது ஒரே கேள்வி, ஆக்டிவ்னு நீங்க எத சொல்றீங்க, ஆப்ப திறந்தா போதுமா, இல்ல உள்ள ஏதாவது பண்ணணுமா? வாயடைச்சுப் போச்சு. முதல்ல டெஃபனிஷன், அப்புறம் லாகிங்ல (யூசர் பண்றத ஆப் பதிவு பண்றதுல) ஏதாவது கோளாறான்னு பாக்கறது, அப்புறம் எந்த நாடு, எந்த வெர்ஷன், புது யூசரா பழைய யூசரா, இந்த வரிசைய எனக்கு சொல்லிக் குடுக்க வேண்டியது யாரு?

ரெஃபரல்னு வந்தது கம்பெனி கேரியர்ஸ் பேஜ் லிங்க். எல்லாரும் போய் அப்ளை பண்ற அதே பேஜ்.

ரீஃபண்ட் கேட்டேன். முதல் செஷன் முடிஞ்சா ரீஃபண்ட் கிடையாதாம், ஓரியண்டேஷன்னு 15 நிமிஷம் பேசுனதையே முதல் செஷன்னு கணக்கு காட்டுறாங்க. எடுத்து காட்டலாம்னு பாத்தா வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பத்துலயே ஏழு நாள்ல மெசேஜ் மறையற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காங்க, ரெஃபரல் தர்றோம்னு சொன்ன மெசேஜ் ஒண்ணு கூட என்கிட்ட இல்ல. கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் (காசைத் திருப்பிக் கேக்கற புகார்) போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

சேர்றதா இருந்தா முதல்ல மாக் எடுக்கப் போறவர் யாருன்னு பேரு கேளுங்க, லிங்க்ட்இன்ல போய்ப் பாருங்க, அவரோட ஒரு மாக் முடிச்சிட்டு அப்புறம் காசு குடுங்க, மாட்டேன்னா வெளிய வந்துருங்க. சொல்றத எல்லாம் மெயில்ல வாங்குங்க. அந்த ரெண்டு இன்டர்வியூவும் ஊத்திக்கிட்ட அப்புறம் நாங்க கிளாஸ்ல நாலு பேர் சேந்து தினம் ராத்திரி ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டோம், ஒருத்தர் பதில் சொல்லும்போது இன்னொருத்தர் நடுவுல கேள்விய மாத்திடுவாங்க, ரெக்கார்ட் பண்ணி திருப்பி கேப்போம். மூணு வாரம்தான். மூணாவது கம்பெனில எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சுது, ரூம்மேட்டுக்கு இன்னும் கிடைக்கல.

பேரு இங்க போடல, டிஸ்ப்யூட் நடந்துட்டு இருக்கு. ஆனா உங்க ஃபீட்பேக் ஷீட்டும் பக்கத்துல இருக்கறவங்க ஷீட்டும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே வச்சுப் பாருங்க, இருந்தா எனக்கு அனுப்புங்க, என்கிட்ட இப்ப அஞ்சு ஷீட் இருக்கு, எல்லாத்தையும் சேத்து டிஸ்ப்யூட்ல குடுக்கப் போறேன்.