பேத்தியின் தினசரிப் பலகை: பலகைக்குப் பத்துக்கு ஏழு, நட்சத்திரங்களுக்குப் பூஜ்ஜியம்

மகள் ஆர்டர் போட்டு வாங்கிய காந்தப் பலகை இது. பேத்திக்கு இரண்டே முக்கால் வயது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் என் பொறுப்பு என்பதால், பலகையோடு பகல் முழுக்கக் குடித்தனம் நடத்துவதும் நான்தான். பெட்டியில் இருப்பவை: சுவரில் மாட்டும் வெள்ளைப் பலகை ஒன்று, பல் தேய், சாப்பிடு என்று ஒவ்வொரு தினசரிக் காரியத்துக்கும் படம் போட்டு முதுகில் காந்தத் தாள் ஒட்டிய அட்டைகள், எழுதி அழிக்கிற வெற்று அட்டைகள் சில, ஒரு மார்க்கர், பொடிப்பொடியாய் நட்சத்திரக் காந்தங்கள், ‘பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு’ என்று ஒரு தனித் தாள். பலகையில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், அடியில் ‘முடிந்தது’ என்று ஒரு பை.

நான் சின்ன வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ‘படத்தைக் காட்டினால் பிள்ளை சொன்னபடி கேட்கும்’ என்று விளம்பரத்தில் வந்தால் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இந்த யோசனைக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-ல் தொடங்கிய ‘டீச்’ திட்டம் இந்த மாதிரிப் பட அட்டவணைகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. மணி பார்க்கத் தெரியாத எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். ‘இன்னும் அரை மணி நேரத்தில் குளியல்’ என்றால் இரண்டு வயசுக்கு என்ன விளங்கும்? ‘இதுக்கு அப்புறம் இது’ என்பது விளங்கும்.

அந்த ஒரு காரியத்தைப் பலகை அழகாகச் செய்கிறது. முன்பெல்லாம் ‘குளிக்கப் போகலாம் வா’ என்று நான் கூப்பிட்டால் சண்டை எனக்கும் அவளுக்கும். இப்போது ‘அடுத்து என்ன கண்ணு?’ என்று மட்டும் கேட்கிறேன். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, ‘குளிக்கணும் பாட்டி’ என்று எனக்கே உத்தரவு போடுகிறாள். அடம் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தூக்கம் கெட்ட நாளில் பலகையாவது ஒன்றாவது. மற்ற நாட்களில் என் தொண்டைக்கு ஓய்வு. அட்டையைப் பிடுங்கி ‘முடிந்தது’ பையில் போடும் அந்த வேலைக்காகவே சில சமயம் பல் தேய்க்கிறாள். தேய்க்கட்டுமே.

பலகையை எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பது முக்கியம். விளம்பரப் படத்தில் பெரியவர்கள் கண்மட்டத்தில், சோபாவுக்கு மேலே, அலங்காரமாக மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு எட்டாத பலகை நமக்குத்தான் நாட்காட்டி. மாப்பிள்ளை அதைக் கழற்றி அவள் மார்பு உயரத்துக்கு இறக்கி மாட்டிய பிறகுதான் அவள் அதைத் தொடவே ஆரம்பித்தாள். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளை உயரத்துக்கு மேசை, நாற்காலி, அலமாரி என்பது அவர் முறையின் அடிப்படைகளில் ஒன்று. இத்தனை வருஷம் கழித்தும் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புச் சீட்டில் ‘தாழ்வாக மாட்டவும்’ என்று ஒரு வரி இல்லை.

இனி அட்டைகள். தினசரிக் காரியங்களுக்கான படங்கள் பரவாயில்லை. எழுந்திரு, பல் தேய், உடை மாற்று, சாப்பிடு எல்லாம் பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் பகல் தூக்கத்துக்கு அட்டையே கிடையாது! உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். அதை விட்டுவிட்டு ‘வீட்டுப்பாடம் செய்’ என்று ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். பெட்டியில் இரண்டு வயது முதல் என்று போட்டவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்திருப்பார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

வேலை அட்டைகளில் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. ‘அறையை ஒழுங்குபடுத்து’ என்று ஒரு படம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? எனக்கே தெரியாது. அதைத் தூக்கி வைத்துவிட்டு, வெற்று அட்டைகளில் நானே செய்துகொண்டேன்: கட்டைகளைக் கூடையில் போடு, செருப்பை ஜோடியாக வை, அழுக்குத் துணியைக் கூடையில் போடு, சிந்திய தண்ணீரைத் துணியால் துடை, செடிக்குத் தண்ணீர் ஊற்று. ஒரு அட்டைக்கு ஒரே வேலை; முடிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு மிகவும் பிடித்தது துடைக்கிற அட்டை. ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரை முழுக்கப் பரப்பிவிட்டு ‘முடிஞ்சுது’ என்பாள். அவள் கண் முன்னால் நான் திரும்பத் துடைப்பதில்லை.

வெற்று அட்டையில் மார்க்கரால் எழுதினால் கை பட்டே அழிந்துவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டுக் கூடை, அவளுடைய செருப்பு, அவளுடைய பிரஷ் என்று போட்டோ எடுத்து அச்சிட்டு ஒட்டினோம். பெட்டியில் வந்த கார்ட்டூன் பையனைக் காட்டினால் ‘இது நான் இல்ல’ என்று நகர்ந்துவிடுகிறவள், தன் செருப்பின் படத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடிப் போகிறாள்.

நட்சத்திரங்களுக்கு வருகிறேன். செருப்பை ஜோடி சேர்ப்பது அவளாகவே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்த வேலை. அதற்கு மகள் ஆசையாக நட்சத்திரம் ஒட்டப் போக, அடுத்த முறை செருப்பைத் தொடும் முன்பே கை நீண்டது: ‘ஸ்டார் எங்கே?’ எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாமாகவே ஆசையாகப் படம் வரையும் நர்சரிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. இன்னும் சின்னப் பிள்ளைகளிடம், 20 மாதக் குழந்தைகளிடம், வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இருவர் 2008-ல் பார்த்ததும் இதேதான்: உதவி செய்ததற்குப் பொருள் கொடுத்தால், அடுத்த முறை உதவ வருவது குறைகிறது. பாராட்டு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் அப்படி இல்லை. மகளிடம் சொன்னேன். பரிசுத் தாள் பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விட்டது.

நட்சத்திரக் காந்தங்களை நான் வெறுப்பதற்குப் பெரிய காரணம் வேறு. அவை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பொருளில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி; தொண்டையில் சிக்கும் ஆபத்துதான் காரணம். காந்தமென்றால் அதற்கு மேல் ஒரு ஆபத்து. இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். நடுவில் நசுங்கும் குடல் ஓட்டையாகிவிடும். அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம். பட அட்டைகளில் அந்தக் கவலை குறைவு. உள்ளங்கை அகலம், காந்தமும் வலுவில்லாத தாள். ஆனாலும் ஓரம் பிய்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்க்கிறேன். இரண்டு அட்டைகளில் பிய்ந்தது, எடுத்துவிட்டேன்.

விற்பவர்களுக்கு மகள் இதை எழுதிக் கேட்டாள். ‘பெரியவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தவும்’ என்று பதில் வந்தது. வாய்க்குள் போட மேற்பார்வை எத்தனை நொடி விலக வேண்டும்?

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மூன்று வயது தாண்டிய பிள்ளை என்றால் தாராளமாக வாங்கலாம், பலகை உறுதி, பையும் இன்னும் கிழியவில்லை. அதற்குக் கீழே என்றால் பெட்டியைப் பிள்ளை முன்னால் பிரிக்காதீர்கள், நட்சத்திரங்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஒரு நேரத்தில் நான்கைந்து அட்டைக்கு மேல் மாட்டாதீர்கள். எல்லாவற்றையும் மாட்டினால் பிள்ளைக்குப் படக்கடைதான். தனியாக விற்கும் ‘கூடுதல் அட்டைத் தொகுப்பு’ தேவையே இல்லை, வீட்டுப் போட்டோக்களே போதும்.